முதல் விமானம் மெதுவா பறக்கணும்

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். கொஞ்ச நாளாவே இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ப்ரோ, ஆர்சி பிளேன் பழகணும், முதல்ல எதை வாங்கலாம்?" ரிமோட்ல பறக்கிற பேட்டரி விமானத்தைத்தான் கேட்கிறாங்க. அஜித்துக்கு இந்தப் பொழுதுபோக்கு உண்டுங்கிறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அவரைப் பார்த்து ஆசை வந்தவங்க நிறைய பேர், நானும் அதுல ஒருத்தன். பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் முதல்ல வாங்கின விமானத்தோட கதையைச் சொல்லியாகணும். இதுவரைக்கும் இந்த ஷோல அதைச் சொன்னதில்லை. பெருமையா சொல்லிக்கிற மாதிரி கதை இல்ல, அதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி. வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம், கையில கொஞ்சம் காசு. ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல 11,000 ரூபாய் கொடுத்து ஒரு விமானம் வாங்கினேன். இரண்டாம் உலகப் போர் சண்டை விமானத்தோட சின்ன வடிவம். சாம்பல் நிறம், மூக்குல சுறா வாய் வரைஞ்சிருக்கும். இறக்கை உடம்புக்குக் கீழ்ப் பக்கம். எடை 900 கிராம். அழகுன்னா அப்படி ஒரு அழகு. விற்றவர் ஒரு வார்த்தை கேட்டார்: "முன்னாடி பறக்க விட்டிருக்கீங்களா?" நான் "ஆமா"ன்னு சொல்லிட்டேன். யூடியூப்ல பார்த்ததை எல்லாம் அனுபவக் கணக்குல சேர்த்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்து கிரவுண்டுக்குப் போனோம், நானும் என் ரூம்மேட்டும். ஒரு மூலையில பசங்க கிரிக்கெட் விளையாடிட்டு இருந்தாங்க. "நாம இந்தப் பக்கம், அவங்க அந்தப் பக்கம், என்ன ஆகப் போகுது?"ன்னு நினைச்சேன். ரூம்மேட் கையால தூக்கி எறிஞ்சான். விமானம் விர்ருன்னு மேல போச்சு. ஒரு அஞ்சு விநாடி உலகமே என் கையில இருந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் அது வளைஞ்சு என்னைப் பார்த்துத் திரும்புச்சு.

அங்கதான் எல்லாம் தலைகீழா மாறுச்சு. என்னைப் பார்த்து வரும்போது, என் இடது கைப் பக்கம் இருந்த இறக்கை கீழ சாய்ஞ்சது. நான் பதறி ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினேன். அது இன்னும் சாய்ஞ்சது. இன்னும் பலமா வலது பக்கம் தள்ளினேன். அவ்வளவுதான், விமானம் குப்புற விழுந்துச்சு, அதுவும் கிரிக்கெட் பசங்க இருந்த பக்கம். பவுண்டரி ஓரத்துல ஒரு பையன் நின்னுட்டு இருந்தான். ஒன்பது, பத்து வயசு இருக்கும். அவனுக்கும் விமானம் விழுந்த இடத்துக்கும் நடுவுல ஆறேழு அடிதான்.

அவன் பயப்படலை. ஓடிப் போய் உடைஞ்ச மூக்கையும், வெளிய தெறிச்சு நசுங்கிக் கிடந்த பேட்டரியையும் பொறுக்கி, ரெண்டு கையிலயும் ஏந்திட்டு என்கிட்ட கொண்டு வந்தான். "அண்ணா, இன்னொரு தடவை விடுவீங்களா?"ன்னு கேட்டான். என் கை நடுங்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம வாங்கிப் பையில போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எட்டு மாசம் அந்தப் பையைத் திறக்கவே இல்லை.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டேன். ஒரு பொருள் மேல வந்து மோதும்போது எவ்வளவு சக்தி இருக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம்: பாதி எடை, இன்ட்டு வேகத்தோட வர்க்கம். கிரிக்கெட் பந்து ஏறத்தாழ 160 கிராம். வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 130 கி.மீ. வேகத்துல போட்டா அதுல சுமார் 104 ஜூல் சக்தி இருக்கு. என்னோட 900 கிராம் விமானம் மணிக்கு 80 கி.மீ. வேகத்துல விழுந்திருந்தா சுமார் 220 ஜூல். ஹெல்மெட் இல்லாத ஒரு பையனை நோக்கி, வேகப்பந்தைவிட ரெண்டு மடங்கு சக்தியோட ஒரு பொருளை அனுப்பியிருக்கேன். அதோட மூக்குல ப்ரொப்பெல்லர் வேற சுத்திட்டு இருந்துச்சு.

இப்போ இன்னொரு கணக்கு. 700 கிராம் எடையுள்ள பழகுறவங்களுக்கான விமானம், மணிக்கு 30 கி.மீ. வேகத்துல வந்தா சுமார் 24 ஜூல். பத்துல ஒரு பங்கு. இந்த எபிசோடோட மொத்த விஷயமும் இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுலதான் இருக்கு. முதல் விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறது நம்ம ரசனை சம்பந்தப்பட்ட விஷயம்னு நாம நினைச்சுக்கிறோம். கிரவுண்டோட அந்தக் கோடியில நிக்கிறவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு, ஆனா அவங்களை யாரும் கேட்கிறதில்லை.

எட்டு மாசம் கழிச்சு நண்பன் ஒருத்தன் என்னை ஊருக்கு வெளிய, கோடையில காய்ஞ்சு கிடந்த ஒரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க ஞாயித்துக்கிழமை காலையில நாலஞ்சு பேர் விமானம் பறக்க விடுவாங்க. அதுல ரிட்டயர்டு ஆன ஒருத்தர், எல்லாரும் "சார்"னுதான் கூப்பிடுவாங்க. என் கதையை அவர்கிட்ட சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "யார் மேலயாவது பட்டுச்சா தம்பி?" "இல்ல சார்." "அப்போ மறுபடியும் ஆரம்பிக்கலாம், வாங்க."

அவர் கையில இருந்தது பார்க்கவே சாதாரணமா இருந்த ஒரு வெள்ளை ஃபோம் விமானம். இறக்கை உடம்புக்கு மேல, நீளமா இருந்துச்சு. நல்ல உயரத்துக்குக் கொண்டு போய், வேணும்னே ஒரு பக்கமா சாய்ச்சார். அப்புறம் ரெண்டு ஸ்டிக்லயும் இருந்து கையை எடுத்துட்டார். விமானம் ரெண்டு, மூணு விநாடியில தானாவே நேரா நிமிர்ந்துச்சு. "பார்த்தீங்களா தம்பி, இதுக்கு நம்மளைவிட நல்லா பறக்கத் தெரியும். நாம தொந்தரவு பண்ணாம இருந்தா போதும்"னார்.

அது எப்படி நிமிருது? மூணு காரணம். ஒண்ணு, இறக்கை உடம்புக்கு மேல இருக்கு. ரெண்டு, முன்னாடி இருந்து பார்த்தா இறக்கையோட ரெண்டு முனையும் லேசா மேல தூக்கி, விரிஞ்ச ஆங்கில 'வி' மாதிரி இருக்கும். டைஹீட்ரல்னு சொல்லுவாங்க. ஒரு பக்கம் சாய்ஞ்சா, விமானம் அந்தப் பக்கமா வழுக்க ஆரம்பிக்கும். அப்போ தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்கு விசை கிடைச்சு நிமிர்த்திடும். மூணாவது, இறக்கை பெருசு, எடை கம்மி. அதனால மெதுவா பறந்தாலும் விழாது. நீங்க யோசிக்கிறதுக்கு நேரம் கிடைக்கும். என்னோட சுறா வாய் விமானத்துல இது மூணுமே இல்லை. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க கையில அது சுறுசுறுப்பான விமானம், புதுசா வர்றவனுக்கு விபத்து.

அதனால கடையில பார்க்கும்போது இதைப் பாருங்க. இறக்கை மேல இருக்கணும். இறக்கை நீளம் ஒரு மீட்டருக்குக் குறையாம இருந்தா நல்லது. தூரத்துல போனாலும் கண்ணுக்குத் தெரியணும் இல்லையா. உடம்பு ஈபிஓ இல்லைன்னா ஈபிபி ஃபோமா இருக்கட்டும். பால்சா மரம் அழகுதான், ஆனா ஒரு தடவை விழுந்தா ஒரு வாரம் உட்கார்ந்து ஒட்டணும். ஃபோம் உடைஞ்சா பசை வச்சு அங்கேயே ஒட்டிட்டு அரை மணி நேரத்துல மறுபடியும் விடலாம். மோட்டார் இறக்கைக்குப் பின்னாடி இருந்து தள்ளுற வகை கிடைச்சா இன்னும் நல்லது. மூக்கு தரையில மோதினாலும் ப்ரொப்பெல்லரும் மோட்டாரும் தப்பிக்கும். மல்டிபிளெக்ஸ் கம்பெனியோட ஈசிஸ்டார் இந்த வகைக்குப் பேர் போனது. அதே வடிவத்துல வேற கம்பெனிகளோடதும் நிறைய கிடைக்குது.

நானே செய்யணும்னு ஆசைப்படுறவங்களுக்கு ஃபிளைட் டெஸ்ட் குழு டைனி டிரெய்னர்னு ஒரு விமானத்தோட வரைபடத்தை இலவசமா போட்டிருக்காங்க. ஃபோம் போர்டு, கட்டர், க்ளூ கன் இருந்தா போதும். அதுக்கு ரெண்டு விதமான இறக்கை உண்டு, பழகுறதுக்கு ஒண்ணு, தேறின பிறகு மாட்டிக்க ஒண்ணு. நம்ம காலேஜ் பசங்க டெப்ரான்லயும் கோரோபிளாஸ்ட்லயும் வெட்டிச் செய்றாங்க. கோரோபிளாஸ்ட் ஈசியா உடையாது, ஆனா எடை கூடும். எடை கூடினா வேகம் கூடும், அதை மறந்துடாதீங்க.

அடுத்து சேனல். மூணு சேனல்னா மோட்டார் வேகம், மேல-கீழ எலிவேட்டர், இடம்-வலம் ரடர். நாலாவது சேனல் இறக்கையில இருக்கிற எய்லிரான். முதல் விமானத்துக்கு மூணு போதும். ஆனா ரிமோட் வாங்கும்போது ஆறு சேனல் உள்ளதா, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல வாங்குங்க, அடுத்தடுத்த விமானத்துக்கும் அதுவே ஆகும். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 நம்ம ஊர்ல நிறைய பேர் கையில பார்க்கலாம். மோட் 2 ரிமோட் கேளுங்க, அதாவது மோட்டார் வேகம் இடது கை ஸ்டிக்ல. அப்போதான் கிரவுண்டுல பக்கத்துல நிக்கிறவர் அவசரத்துக்கு வாங்கி ஓட்ட முடியும், பெரும்பாலும் எல்லாருமே மோட் 2தான். வாங்கினதும் ஃபெயில்சேஃப் செட் பண்ணுங்க. சிக்னல் போச்சுன்னா மோட்டார் தானா நிக்கணும். பல ரிமோட்ல இதை நாமதான் செட் பண்ணணும்.

பேட்டரிக்கு வருவோம். அந்தப் பையன் கையில ஏந்திட்டு வந்தானே, அது லித்தியம் பாலிமர், லிப்போன்னு சொல்லுவாங்க. நசுங்கின லிப்போ உடனே ஒண்ணும் பண்ணாத மாதிரி இருக்கலாம். சில சமயம் பத்து நிமிஷம் கழிச்சுப் பத்திக்கும். அது எனக்கு அன்னைக்குத் தெரியாது. ஒரு குழந்தை கையில இருந்து அதை வாங்கி, துணிப் பையில போட்டு, பஸ்ல எடுத்துட்டு வந்தேன். பத்தாம போனது அதிர்ஷ்டம். விமானம் விழுந்தா பேட்டரியைத் தனியா எடுத்து, எரியிற பொருள் பக்கத்துல இல்லாத இடத்துல, மண் தரையில வச்சு அரை மணி நேரமாவது பாருங்க. உப்பியிருந்தா மறுபடியும் சார்ஜ் போடவே கூடாது.

எண்கள் இதுதான். ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா கெட்டுப் போகும், அதனால 3.5 கிட்ட வரும்போதே இறக்கிடுங்க. சும்மா வச்சிருக்கும்போது 3.8 வோல்ட். பல விமானத்துக்கு 3எஸ், அதாவது மூணு செல், 2200 எம்ஏஎச் பேட்டரி வரும். அதுக்கு சார்ஜ் 2.2 ஆம்பியருக்கு மேல வேண்டாம். பேலன்ஸ் சார்ஜர்தான் வேணும். ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. மொபைல் பழக்கத்துல நிறைய பேர் செய்ற தப்பு இது. பறக்கும்போது பேட்டரி இறங்கினா மோட்டார் நின்னுடும், ஆனா ரடரும் எலிவேட்டரும் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். பதறாம மிதக்க விட்டு இறக்கலாம்.

விடுறதுக்கு முன்னாடி எடைச் சமநிலை பார்க்கணும். இறக்கையோட முன் விளிம்புல இருந்து, இறக்கை அகலத்துல கால் பங்குக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் விரலை வச்சுத் தூக்குங்க. விமானம் நேரா நிக்கணும், இல்ல மூக்கு லேசா கீழ சாயணும். வால் சாய்ஞ்சா பேட்டரியை முன்னாடி தள்ளுங்க. சார் இதை ஒரு பழைய பேச்சா சொல்லுவார்: "மூக்கு கனத்தா மோசமா பறக்கும், வால் கனத்தா ஒரே தடவைதான் பறக்கும்."

அப்புறம் விமானத்துக்குப் பின்னாடி நின்னு பாருங்க. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா ரடரும் வலது பக்கம் போகணும். ஸ்டிக்கை உங்களைப் பார்த்து இழுத்தா எலிவேட்டர் மேல தூக்கணும். இதுல ஒண்ணு தலைகீழா இருந்தாலும் விமானம் திரும்பி வராது. ஆன் பண்ணும்போது முதல்ல ரிமோட், அப்புறம் விமானம். ஆஃப் பண்ணும்போது முதல்ல விமானம், அப்புறம் ரிமோட். வீட்டுல வச்சு டெஸ்ட் பண்ணும்போது ப்ரொப்பெல்லரைக் கழட்டிடுங்க. 1000 கேவி மோட்டார் 11 வோல்ட்ல நிமிஷத்துக்கு 11,000 சுத்து போக முயற்சி பண்ணும். விரல் தாங்காது.

எங்க பறக்கிறது? மொட்டை மாடி வேண்டாம். தெரு வேண்டாம். யாராவது விளையாடுற கிரவுண்டும் வேண்டாம், ஒரு மூலையிலதானே இருக்காங்கன்னு நினைக்காதீங்க. சட்டமும் இருக்கு. 2021 ட்ரோன் விதிகள்னு பேர் இருந்தாலும், இறக்கை வச்ச ரிமோட் விமானமும் அதுக்குள்ளதான் வரும். 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. வியாபாரத்துக்கு இல்லாம மைக்ரோ பறக்க விட பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஆனா இடம் முக்கியம். பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும். விமான நிலையச் சுவர்ல இருந்து 8 முதல் 12 கி.மீ. தூரத்துல 200 அடிக்கு மேல போக அனுமதி வேணும், அதைவிடக் கிட்டக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். சென்னையில மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா தெற்குப் பக்கம் எவ்வளவு இடம் அடிபடுதுன்னு புரியும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க இடத்தைப் பார்த்து, பதிவு விதி அன்னைக்கு என்னன்னும் பார்த்துட்டுக் கிளம்புங்க. அதனாலதான் ஊருக்கு வெளிய காய்ஞ்ச ஏரி, அறுவடை முடிஞ்ச வயல்னு தேடிப் போறோம். நிலத்துக்காரர் யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

நேரம், காலை ஆறுல இருந்து எட்டு. சென்னையில வெயில் ஏறினா கடல் காத்து வந்துடும், இந்த மாதிரி லேசான விமானம் அதுல அல்லாடும்.

பறக்கும்போது ஞாபகம் வச்சுக்க மூணு விஷயம். எப்பவும் காத்துக்கு எதிரா எறியணும், காத்துக்கு எதிரா இறக்கணும். ரெண்டாவது, உயரம். முதல்ல நல்லா மேல கொண்டு போங்க, ஒரு தப்பு பண்ணினா திருத்திக்க இடம் வேணும். தரைக்குப் பக்கத்துல விழப் போகுதுன்னு பயந்து எலிவேட்டரை இழுத்தீங்கன்னா வேகம் செத்து, இறக்கை தூக்கு விசையை இழந்து அப்படியே கீழ விழும். அதுக்குப் பேர்தான் ஸ்டால். மூக்கை லேசா கீழ விட்டு வேகம் எடுக்க விடுறதுதான் மருந்து. மனசு ஒத்துக்காது, ஆனா அதான் மருந்து.

மூணாவது, என்னைக் கவுத்தது. விமானம் உங்களைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறிடும். யோசிச்சுக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. சார் சொல்லிக் கொடுத்த வழி: எந்த இறக்கை தாழுதோ, அதுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஸ்டிக்கை அந்தப் பக்கமே தள்ளுங்க. என் இடது பக்கம் இறக்கை தாழ்ந்தப்போ நான் இடது பக்கம் தள்ளியிருக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

இதை கிரவுண்டுல கத்துக்க வேண்டியதில்லை. சிமுலேட்டர்ல கத்துக்கலாம். பிகாசிம் இலவசம். ரிமோட்டை யூஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டரோட இணைச்சா, அதே ஸ்டிக்ல பழகலாம். நான் ஒரு மாசம், தினமும் ராத்திரி இருபது நிமிஷம் பழகினேன். நூறு தடவைக்கு மேல விழுந்திருப்பேன், ஒரு ரூபாய் செலவில்லை. அதுக்கப்புறம்தான் சார் ரெண்டு ரிமோட்டைக் கேபிள்ல சேர்த்து, நான் தப்பு பண்ணினா அவர் வாங்கிக்கிற மாதிரி வச்சு விட்டார். மூணாவது ஞாயித்துக்கிழமை நானே தனியா இறக்கினேன். புழுதி பறக்க வயித்தால சறுக்கி நின்னுச்சு. அன்னைக்கு விமானம் பத்து நிமிஷம்கூடப் பறக்கலை, ஆனா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் சிரிச்சுட்டே வந்தேன்.

சுறா வாய் விமானத்தை ஒட்டி வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் கழிச்சு, ஆளே இல்லாத ஏரியில, சார் பக்கத்துல நிக்க, பறக்க விட்டேன். இப்பவும் அழகுதான். ஆனா அது முதல்ல வாங்க வேண்டிய விமானம் இல்லை.

அதனால இன்பாக்ஸ்ல கேட்ட எல்லாருக்கும் என் பதில்: இந்த வாரம் விமானம் வாங்காதீங்க. சிமுலேட்டரைப் போடுங்க. உங்களை நோக்கி வர்ற விமானத்தைத் தொடர்ந்து இருபது தடவை விழாம திருப்ப முடிஞ்சா, அப்போ போய் மேல இறக்கை வச்ச, மெதுவான, வெள்ளை ஃபோம் விமானம் ஒண்ணு வாங்குங்க. உங்க ஊர்ல பறக்க விடுறவங்க யாராவது இருந்தா அவங்களைத் தேடிப் போங்க. "சார், எனக்குத் தெரியாது"ன்னு உண்மையைச் சொல்லுங்க. நான் அன்னைக்கு அந்த ஒரு உண்மையைச் சொல்லியிருந்தா அந்த விமானத்தை எனக்கு வித்திருக்க மாட்டார்.

அந்தப் பையனுக்கு இப்போ பதினஞ்சு, பதினாறு வயசு இருக்கும். அவன் பேரைக்கூட நான் கேட்கலை. இன்னொரு தடவை விடுவீங்களான்னு அவன் கேட்டதுக்குப் பதிலும் சொல்லலை. இப்போ கேட்டா, "விடுறேன், நீ என் பக்கத்துல வந்து நில்லு"ன்னு சொல்லுவேன்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல எடுத்துக்கலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.